ஆறு துளைகளைச் சுத்தம் செய்தது நான்

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முப்பத்தொரு வயது. ஆனாலும் அகழாய்வு வேலையை விட்டு வந்துவிட்டேன், திரும்பப் போகப்போவதில்லை. அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவள்தான். இந்தப் பருவத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும், பயிற்சிக் கோப்பில் வைக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். பதினொரு சம்பவங்களைப் பட்டியல் போட்டேன். பத்தை அடித்துவிட்டேன். அந்தப் பத்திலும் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிந்தேன்.

மிஞ்சியது இது.

புதுமடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பனைகளுக்கு நடுவே இருக்கும் அந்த மேடு உங்களுக்குத் தெரியும். குழியில் கிடைப்பதைச் சுத்தம் செய்து, அளந்து, படம் எடுத்து, எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. வேதியியல் படித்து, தொல்பொருள் பாதுகாப்பில் பட்டயமும் முடித்திருந்தேன். எனக்குக் கீழே கழுவும் தொட்டியில் வேலை பார்த்தவர் ஜொகரா லாத்தா; அந்த ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். நாற்பத்தைந்து வயது. அவருடைய கணவர் சவுதியில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஊர் திரும்பியவர். பகல் ஒரு மணிக்கு லாத்தா வீட்டுக்கு நடந்து போய், அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, சோறு ஊட்டிவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார். மேடு அவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான் அவரால் வேலைக்கே வர முடிந்தது. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு நான் போட்டிருந்த விதி ஒன்றுதான். பானை ஓட்டைக் கழுவலாம். பார்த்த மாதிரி இல்லாத எதையும் தண்ணீரில் போடாமல் என் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது குழியில் கிடைத்த ஒரு சுட்ட மண் துண்டை லாத்தா கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு, சோப்புக் கட்டி மாதிரி தட்டை. ஒரு பக்கம் உடைந்திருந்தது. மேல் விளிம்பில் வரிசையாக ஏழு துளைகள். அடிப்பக்கம் முழுக்க சுண்ணாம்பும் சிப்பித் தூளும் இறுகிப்போய் ஒட்டியிருந்தது.

"இது வேற மாதிரி இருக்கு புள்ள. தண்ணில போடல. ஓட்டைக்குள்ள என்னமோ அடைச்சிருக்கு. நீயே பாத்துக்க."

"வைங்க லாத்தா. வலைக்குண்டுதான்."

வலை தண்ணீரில் இறங்குவதற்காகக் கட்டும் மண் கட்டிதான் வலைக்குண்டு. இந்தக் கரையில் எந்தக் குழியைத் தோண்டினாலும் அது வரும். அந்தப் பருவத்தில் மட்டும் கூடை கூடையாக எடுத்திருந்தோம். கயிறு போவதற்கு அதில் துளை இருக்கும், துளையில் சேறு அடைத்திருக்கும். மூங்கில் குச்சியால் குத்தி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்போம். வெளிச்சம் தெரிந்தால் சுத்தம். ஆயிரம் முறை செய்த வேலை. ஏழு துளை எதற்கு என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பல கயிறு கட்டும் குண்டு என்று நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். பதிவேட்டில் எழுதினேன்: வலைக்குண்டு, உடைந்தது, துளை ஏழு, அடைப்பு உண்டு.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நான் பெயரை முதலில் எழுதினேன், பொருளைப் பிறகு பார்த்தேன். பதிவேட்டில் ஏறிய பெயர் கையை இழுத்துக்கொண்டு போகும். குண்டு என்றால் துளை மறுபக்கம் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் அடியில் இருக்கும் சுண்ணாம்பு மூடியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் குத்து. என் கை அப்படித்தான் யோசித்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, குச்சியால் கிளறினேன். மேலே மண் வந்தது. கீழே மஞ்சளும் பழுப்புமாக, சேற்றைவிடப் பிசுபிசுப்பான ஒன்று சுருள் சுருளாக வந்தது. வேர் அழுகியிருக்கும் என்று நினைத்தேன். கிளறி முடித்த துளையைச் சின்னத் தூரிகையால் தேய்த்தேன். ஆறு துளைகள் முடிந்தன. ஒன்றிலும் வெளிச்சம் தெரியவில்லை. கழுவிய தண்ணீரை வாளியோடு எடுத்துப்போய் வேலிக்கருவைப் புதர்ப் பக்கம் நானே ஊற்றினேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

தேநீர் குடித்துவிட்டு வந்து, துளைகளில் தங்கிய ஈரத்தை ஊதித் தள்ளலாம் என்று உதட்டருகே கொண்டுபோனேன். அது கூவியது.

மெல்லிய சத்தம் இல்லை. சோடாப் பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அதையே கூர்மையாக்கிய மாதிரி. என்னை டீச்சர் என்று கூப்பிடும் தொட்டியடிப் பெண்கள் திரும்பினார்கள்.

"ஏத்தா, டீச்சரு பீப்பி ஊதுது!"

"குண்டு விசிலடிக்குதுடி! மீனெல்லாம் தானா வலைக்குள்ள வந்திரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு நொடி சிரித்தேன். அடுத்த துளையில் ஊதினேன். வேறு சுரம். மூன்றாவதில் இன்னொன்று. அப்புறம் வாளி நினைவுக்கு வந்தது.

என் கையில் இருந்தது கிரேக்கர்களின் இடையன் குழல். அதைப் பற்றி நான் அதுவரை படித்தது கொஞ்சம்தான். அந்த வாரம் நிறையப் படித்தேன். ஆட்டுக்கால் கொண்ட ஒரு தெய்வம் ஒரு பெண்ணைத் துரத்துகிறது. அவள் தப்பிக்க நாணலாக மாறுகிறாள். அது நாணலை வெட்டிக் குழல்களாகச் சேர்த்துக் கட்டி வாயில் வைத்துக்கொள்கிறது. அவர்கள் இதைக் காதல் கதை என்கிறார்கள். கதையை விட்டுவிட்டுக் கருவியைப் பார்த்தால் அது மிகவும் எளிமையானது. அடி மூடிய குழாய். ஆழம் குறைந்தால் சுரம் ஏறும், கூடினால் இறங்கும். இறக்கை மாதிரிப் படிப்படியாகக் குறையும் வடிவத்தைத்தான் நாம் படங்களில் பார்க்கிறோம். பழைய கிரேக்கச் சிற்பங்களில் பெரும்பாலும் எல்லாக் குழாயும் ஒரே நீளம், நேர் செவ்வகம். வேறுபாடு உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு குழாயின் அடியிலும் தேன்மெழுகு ஊற்றி, கூட்டிக் குறைத்து, காதால் கேட்டுச் சுரம் சேர்ப்பார்கள். அந்த அளவுள்ள துளையில் மூன்று மில்லிமீட்டர் மெழுகு கூடினால் ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும். பிற்காலத்தில் மரத்திலும் மண்ணிலும் ஒரே கட்டியாகச் செய்து துளை போட்டார்கள். சுட்ட மண் சுருங்கும் என்பதால் அதற்கும் மெழுகு வேண்டும்.

சுரங்களை எப்படிப் பிரிப்பது என்று கிரேக்கப் பண்டிதர்கள் எழுதியவை நிறையவே மிஞ்சியிருக்கின்றன. ஆடு மேய்த்தவனும் கப்பலில் வந்தவனும் ஊதியதை யாரும் எழுதி வைக்கவில்லை. அது மெழுகில்தான் இருந்தது. நான் அதை வேலிக்கருவைக்கு ஊற்றியிருந்தேன்.

அன்று மாலை வரை அந்த மண்ணைச் சலித்தேன். கடுகு அளவில் சில துணுக்குகள் கிடைத்தன. மெழுகுதான். எந்தத் துளையிலிருந்து வந்தது, எவ்வளவு உயரம் நின்றது என்பதை எந்தக் கருவியாலும் இனிச் சொல்ல முடியாது. மெழுகு நின்ற மட்டம் துளைக்குள் ஒரு கறையாகவாவது தங்கியிருக்கும். அதையும் தூரிகை எடுத்துவிட்டது. தேநீர் வந்ததால் தப்பிய ஏழாவது துளையில் மட்டும் மெழுகு அப்படியே இருந்தது. ஒரே ஒரு சுரம். இசை என்பது ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் தூரம். ஒற்றைச் சுரம் எதையும் உறுதி செய்யாது. எதையும் மறுக்கவும் செய்யாது.

அகழாய்வுக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் உடனே சொன்னேன். நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். இதில் மட்டும் எனக்கு வெட்கமில்லை; அன்றைக்கே, முழுவதையும், என் கைதான் செய்தது என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யவனர் குழல்! தமிழ்நாட்டுக் கரையில! புரியுதாம்மா உனக்கு?" என்றார். "சனிக்கிழமை அதிகாரி வாராரு, பத்திரிகைக்காரங்க வாராங்க. காட்ட ஒண்ணுமில்லையேன்னு ரெண்டு நாளாத் தூக்கமில்ல எனக்கு."

"சார், சுரம் போயிருச்சு."

"புது மெழுகு வை."

"அசல்ல வைக்க மாட்டேன் சார்."

"சரி, பிரதி பண்ணு. அஞ்சு சுரம் வந்தாப் போதும், மோகனம் வாசிச்சிரலாம். யவனன் இசையும் நம்ம இசையும் ஒண்ணுன்னு பத்திரிகைக்காரன் தலைப்பே போட்டிருவான்."

"அது என்ன சுரம்னு நமக்குத் தெரியாதே சார்."

"கேக்குறவனுக்குத் தெரியுமா?"

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. மேட்டுக்கு அடுத்த ஆண்டு அனுமதி கிடைக்குமா என்பது அந்தச் சனிக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டுப் பெண்களுக்கு அங்கே வேலை.

பிரதி செய்தேன். மின்கம்பி செலுத்தும் வெள்ளைக் குழாயை ஒரே நீளத்தில் ஏழாக அறுத்து, மெழுகு ஊற்றி, கைபேசியில் சுரம் பார்த்துச் சேர்த்து, மெழுகு நூலால் கட்டினேன். செய்ய எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நல்ல வேலை செய்வது போலவே இருந்தது.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். நான் வாசித்தேன். கைதட்டினார்கள். ஒரு பத்திரிகைக்காரர் மட்டும் அசலைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல அடியில மெழுகு இருக்கணும்னு சொல்றீங்க. ஆறு துளையில ஒண்ணுமே இல்லையே?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான் வந்தது. நான் சொல்லியிருக்கக்கூடியவை மூன்று. ஒன்று, நான் எடுத்துவிட்டேன். இரண்டு, இன்றைக்கு வாசித்தது நாங்களாக வைத்த சுரம். மூன்று, பிறகு சொல்கிறேன். மூன்றாவதைக்கூட நான் சொல்லவில்லை. சார் முந்திக்கொண்டார்.

"கழுவுற இடத்துல கொஞ்சம் கவனக்குறைவு சார். படிக்காத பொம்பளைங்க, என்ன செய்யிறது. மிச்சமிருந்ததை வச்சு மத்த சுரங்களைக் கணக்குப் போட்டு எடுத்தோம்."

கயிறு கட்டியிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். மூன்றாவது குழிக்குக் கழுவுவது யார் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் ஜொகரா லாத்தாவைப் பார்த்தார்கள். லாத்தா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த குழாய்களின் நூலைச் சரிசெய்தேன்.

"இனிமே பயிற்சி உள்ள ஆளா வைங்க," என்று அதிகாரி போகிற போக்கில் சொன்னார்.

திங்கட்கிழமை வருகைப் பட்டியல் வாசிக்கும்போது லாத்தாவின் பெயர் வரவில்லை.

"எம் பேரு விட்டுப் போச்சு தம்பி," என்றார் மேற்பார்வையாளரிடம்.

"விட்டுப் போகல லாத்தா. எடுத்தாச்சு."

அவர் நேராக என் மேசைக்கு வந்தார். "நீ சொல்லு புள்ள. அந்தச் சாமான நான் தண்ணில போட்டனா?"

"இல்ல லாத்தா."

"அப்ப அங்கன போயிச் சொல்லு."

"சார்கிட்ட பேசுறேன். நீங்க இருங்க."

ஒரு மணி வரை வேலியோரம் இருந்தார். ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். போய்விட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் நின்றார். நான் அன்று சாரிடம் பேசவில்லை. மறுநாள் லாத்தா வரவில்லை.

பேசாமல் இருந்ததற்குக் காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கும் தருவாயில் இருந்தது. அந்தக் குழலைப் பற்றிய கட்டுரையில் இரண்டாவது பெயராக என் பெயர் வரவிருந்தது. சாரே சரிசெய்துவிடுவார் என்று நினைத்தேன். மூன்றாவது பொய், எழுதும்போதே எனக்குத் தெரியும்.

கட்டுரையின் வரைவு வந்தது. "கழுவும் பணியாளர்களால் மெழுகு அகற்றப்பட்டுவிட்டது" என்று ஒரு வரி. படித்தேன். கையெழுத்துப் போட்டேன். இதை நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டாம், நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மண் பரிசோதனையின் முடிவு வந்தது. குழல் கடல் கடந்து வந்ததல்ல. மண் இந்தக் கரையின் மண். யாரோ ஒருவர் இங்கேயே உட்கார்ந்து, யவனர் கருவியை நம் களிமண்ணில் செய்து சுட்டிருக்கிறார். செய்தது யவனரா, அதைப் பார்த்துக் கற்ற ஊர்க்காரரா? மெழுகைக் கூட்டிக் குறைத்தபோது எந்த இசை பழகிய காது அதைக் கேட்டது? இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இதற்குப் பதில் சொல்ல ஆறு துளிகள் மெழுகு காத்துக்கிடந்தன. நாங்கள் அந்த இடத்தில் மோகனத்தை ஊற்றி அடைத்திருந்தோம்.

அந்தத் தாளோடு சாரிடம் போனேன். கட்டுரையைத் திருத்த வேண்டும், மோகனத்தையும் அந்த வரியையும் எடுக்க வேண்டும், லாத்தாவைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றேன்.

"அச்சுக்குப் போயிருச்சும்மா."

"மறுப்பு போடலாம் சார்."

"போடலாம். போட்டா இந்த மேட்டை மூடிருவாங்க. ஒருத்திக்காக மிச்ச இருவத்தேழு பேரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்றியா? நீயே போயி அவுககிட்ட சொல்லிட்டு வா, நான் எழுதுறேன்."

இந்தக் கணக்கு என்னை இன்னும் இரண்டு வாரம் வாயடைத்து வைத்தது. உங்களிடமும் இதே கணக்கை யாராவது ஒருநாள் போடுவார்கள். அதில் எப்போதும் ஒரு ஆள் விடுபட்டிருப்பார். அந்தக் கணக்கில் விடுபட்டிருந்தது நான். ஒருத்தியா இருபத்தேழு பேரா என்று பேசிக்கொண்டிருந்தபோது, தவறு செய்த நான் எந்தப் பக்கத்திலும் இல்லாமல் சம்பளத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு பக்கத்தில் நடந்ததை எழுதினேன். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே, யார் தொட்டது, எதனால் குத்தியது, கழிவு நீர் எங்கே போனது என்று என் கையால் ஏற்றினேன். தலைமை அலுவலகத்துக்கு ஒரு பிரதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். வேலையை விட்டேன். இன்றுவரை பதில் இல்லை. இப்போது கண்காட்சியில் அந்தக் குழலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழுத்தினால் நான் வாசித்த மோகனம் கேட்கும்.

மற்றொரு பிரதியோடு லாத்தாவைத் தேடிப் போனேன். மண்டபம் பக்கத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் இருந்தார். விடியும் முன் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், பொழுது சாயும்போது கொண்டுவந்து விடும். நடுப்பகலில் கணவரைப் புரட்டிப்போட ஆள் இல்லை. முதுகில் புண் வந்து இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தாராம். இதை லாத்தா சொல்லவில்லை. வாசலில் நின்ற காவலாளி சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளை. நீளமான தகர மேசைகள், காலடியில் உருகிய ஐஸ் தண்ணீர். முப்பது நாற்பது பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். லாத்தாவின் விரல் நுனிகள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. நான் தாளை நீட்டினேன்.

"என்ன இது?"

"நான்தான் செஞ்சேன்னு எழுதியிருக்கேன் லாத்தா. மன்னிச்சிருங்க."

"இத வச்சு எனக்கு மேட்டுல வேலை குடுப்பாகளா?"

"குடுக்க மாட்டாங்க."

"பேப்பர்ல போடுவாகளா?"

"மாட்டாங்க."

லாத்தா தாளை வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "யாரு லாத்தா இந்தப் புள்ள?"

"நான் ஒரு சாமான ஒடச்சுப்புட்டேன்னு வேனுல தெனம் சொல்லிச் சிரிப்பியே, அந்தச் சாமானுக்குச் சொந்தக்காரி."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். லாத்தா என்னிடம் திரும்பினார். "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நீயே வாசி. இவளுக எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசி."

வாசித்தேன். அலுவலகத் தமிழில் எழுதியிருந்தேன். "எனது கவனக்குறைவினால்" என்பது போன்ற வரிகள். முதல் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்திருந்தேன். ஒரு மேசையிலிருந்து யாரோ கேட்டார்: "இவுகளுக்கு வேலை திரும்பக் கெடைக்காதுன்னா, அப்பறம் எதுக்கு இந்தப் புள்ள வாசிக்குது?"

வாசிப்பதை நிறுத்தினேன்.

"அது எனக்கு வேண்டி இருக்கு. நீ சோத்தத் தின்னு," என்றார் லாத்தா. பிறகு என்னைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை, இரக்கமும் தெரியவில்லை. "நிறுத்தாத. முழுசா வாசி."

இரண்டாவது பக்கத்தையும் முடித்தேன். சிலர் கை கழுவ எழுந்தார்கள். தாளை மடிக்கப் போனேன்.

லாத்தா கொட்டகையின் கோடியைக் கையால் காட்டினார். ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை இருந்தது. பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"அவளுகளும் எங்கூரு வேனுதான். அங்கன கேட்டிருக்காது," என்றார். "போ. அங்கன நின்னு மொதல்ல இருந்து வாசி."

தாளை எடுத்துக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நடந்து அந்த மேசைக்குப் போனேன்.